எண்ணிக்கை இருபத்தொன்பது

எங்கள் வீட்டில் காபி இரண்டு வகைதான். சர்வீசபிள், அன்சர்வீசபிள். அம்மா டம்ளரை நீட்டுவாள். அப்புச்சி ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிப்பார். முதல் வார்த்தையைச் சொன்னால் அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போகலாம். இரண்டாவதைச் சொன்னால் டிகாஷன் மறுபடி இறங்க வேண்டும். மழையில் நனைந்த செருப்பு, கீச்சிடும் கேட், எதிர்வீட்டுக்காரரின் இடது முழங்கால், ஆறாம் வகுப்பில் நான் வாங்கிய கணக்கு மார்க் எல்லாவற்றுக்கும் இந்த இரண்டில் ஒரு தீர்ப்புதான். கணக்கு மார்க்குக்கு என்ன தீர்ப்பு வந்தது என்பதைச் சொல்ல மாட்டேன்.

அப்புச்சி என்றால் அம்மாவின் அப்பா. ஹனூர்ப் பக்கம் சோளக்காட்டுக் குடும்பம். காட்டில் நின்றுகொண்டு தலைக்கு மேல் போன ஒரு விமானத்தை அண்ணாந்து பார்த்தவர், பத்தொன்பது வயதில் விமானப் படையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓட்டுவதற்கு அல்ல, பழுது பார்ப்பதற்கு. வடக்கே பெயர் தெரியாத ஊர்களில் எல்லாம் போர் விமானங்களுக்கு அடியில் படுத்து எழுந்தே அவருடைய இளமை போயிற்று. பைலட் ஏறி உட்கார்ந்ததும் கூடவே ஏணியில் ஏறி, வார்ப்பட்டைகளை இழுத்துக் கட்டி, தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்கி ஏணியை எடுக்கிற ஆள் அவர்தான். ஓய்வு பெற்று மைசூருக்கு வந்து மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு வாங்கினார். அம்மாயி, அதாவது என் பாட்டி, போன பிறகு ஒரே மகளான அம்மாவும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவும் அவரோடு வந்து இருந்தார்கள். நான் பிறந்து வளர்ந்தது அந்த வீட்டில்தான்.

வாசலை ஒட்டிய அறை அவருடையது. அங்கே கட்டில் இருந்தது, அலமாரி இருந்தது, ஆனால் போகிறவர்கள் கண்ணில் படுவது சுவரில் அடித்திருந்த பலகைதான். நீல வண்ணம் அடித்த பலகை. அதில் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தியல், அரம், திருப்புளி என்று இருபத்தொன்பது சாமான்கள் ஆணியில் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதனதன் உருவத்தை மஞ்சளில் வரைந்து வைத்திருந்தார். ஒன்றை எடுத்தால் அதன் மஞ்சள் உருவம் மட்டும் சுவரில் நிற்கும். எது இல்லை என்பதைத் தூங்கி எழுந்த குழந்தைகூடச் சொல்லிவிடும். போதாததற்கு ஒவ்வொன்றின் பிடியிலும் கூரான ஊசியால் எண் கீறியிருந்தார்.

அங்கே படையில் அப்படித்தானாம். வேலை முடிந்ததும் கருவிகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் விமானம் கிளம்பக் கூடாது. தளபதியே வந்து நின்றாலும் கிளம்பக் கூடாது. எங்கேயோ ஒரு சின்ன ஸ்பேனர் உள்ளே கிடந்து உருண்டுபோய் ஒரு கம்பியில் சிக்கினால் போதும், மேலே போனவன் கீழே வர மாட்டான். அதனால் எண்ணிக்கை சரியாகிறவரை கொட்டகையை விட்டு யாரும் நகரக் கூடாது. எண்ணியவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அவரை நம்பாமல் இன்னொருவர் தனியாக எண்ணி இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும்.

இந்தச் சட்டத்தை அவர் படையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. அம்மாவின் கல்யாணம் நஞ்சன்கூட்டில். பெண்வீட்டு வேன் வாசலில் நிற்கிறது, அம்மா மாலையும் கழுத்துமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறாள், கட்டிங் பிளேயரைக் காணோம். அப்புச்சி வேன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேங்காய் மூட்டையைப் பிரித்தார்கள், சீர்த்தட்டுகளைக் கவிழ்த்தார்கள். கடைசியில் வாசலில் வாழைமரம் கட்டிய ஆள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு டீ குடிக்கப் போனது தெரிந்தது. "என் தாலி நாற்பது நிமிஷம் ஒரு பிளேயருக்காகக் காத்திருந்துச்சு" என்று அப்பா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லுவார். அப்புச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஆனால் தப்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டார்.

நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அந்த ஆட்டோ விஷயம் நடக்கிறவரை. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்களைப் பள்ளிக்கு ஏற்றிப் போகும் ஆட்டோ எங்கள் வாசலில் வந்து நின்றுபோனது. அப்புச்சி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் குனிந்து ஏதோ செய்தார், வண்டி கிளம்பிவிட்டது. ஆறு பிள்ளைகள் உள்ளே. மார்க்கெட் திருப்பத்தில் லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்ததால் ஆட்டோ நின்றது. திரும்பிப் பார்த்தால் அப்புச்சி பனியனோடு ஓடி வருகிறார். காலில் செருப்பு இல்லை.

"எல்லாரும் இறங்குங்க" என்றார்.

டிரைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஏனாய்து தாத்தா?" என்று, என்ன ஆயிற்று என்பதைக் கன்னடத்தில் கேட்டார்.

அப்புச்சி பின்பக்கம் கையை விட்டுத் துழாவி எட்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். பிரேக்குக்குப் போகும் கம்பிக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அதை டிரைவரிடம் காட்டினார். "நான்தான் மறந்து வெச்சேன். என்ற தப்பு. மன்னிச்சுப் போடுங்க" என்று கைகூப்பினார். வெங்காய மண்டிக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஓர் ஆட்டோ டிரைவரிடம், ஆறு சின்னப் பிள்ளைகள் முன்னால், நடுத்தெருவில் ஒரு பெரிய மனிதர் தன் தப்பு என்று சொன்னதை அன்றுதான் முதன்முறை பார்த்தேன். அன்றிலிருந்து அந்தச் சட்டத்தைப் பார்த்து நான் சிரித்தது கிடையாது. இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எனக்கு நடந்ததற்கு இந்த ஆட்டோதான் காரணம்.

இரண்டாவது கையெழுத்து என்னுடையது. ஏழு வயதில் எனக்குக் கிடைத்த பதவி அது. காலை ஐந்து நாற்பதுக்கு அவர் எண்ணி, நீள நோட்டில் தேதி, நேரம், எண்ணிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். நான் எழுந்து பல் விளக்கிவிட்டுப் போய், நோட்டைப் பார்க்காமல் முதலில் பலகையைப் பார்த்து எண்ண வேண்டும். பிறகுதான் நோட்டைத் திறக்க வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் அவர் கையெழுத்துக்குப் பக்கத்துக் கட்டத்தில் என் கையெழுத்து. ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் எண்ணாமல் போட்டுவிட்டேன். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. திட்டவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்தார். "பாக்காம போட்ட கையெழுத்து, ஆளக் கொன்னுபோடும் கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. அன்று பட்ட வெட்கம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அவருக்கு எல்லாமே எண்ணிக்கைதான். நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்டருகில் நின்று "போனது ஒண்ணு" என்பார். திரும்பி வரும்போது அதே இடத்தில் கைக்கடிகாரத்தோடு நின்று "வந்தது ஒண்ணு" என்பார். என் தோழிகள் அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வார்கள். தசரா சமயத்தில் பன்னிமண்டப மைதானத்தில் விமான வித்தை பார்க்கப் போனபோதும் அப்படித்தான். கூட்டம் முழுக்க ஆகாயத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இவர் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்து மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் அடங்கியதும்தான் நிமிர்ந்தார்.

"ஏன் அப்புச்சி, நீங்க பாக்கவே இல்லையே?" என்று கேட்டேன்.

"ஏறுறத எல்லாரும் பாப்பாங்க கண்ணு. திரும்பி வாரத யாராச்சும் எண்ணோணும்ல" என்றார்.

அப்போது அதை நான் ஒரு விளையாட்டு என்று நினைத்தேன்.

விமானப் பித்தை என் தலையில் ஏற்றியதும் அவர்தான், வேறு யாரும் அல்ல. சாய்வு நாற்காலியில் என்னை உட்கார வைத்து, கிழிந்த வேட்டித் துண்டுகளால் தோளுக்கும் இடுப்புக்கும் பட்டை கட்டுவார். இழுத்துப் பார்ப்பார். தோளில் தட்டுவார். "ஓகே சார்" என்று சல்யூட் அடிப்பார். என்னை, எட்டு வயதுப் பெண்ணை, சார் என்று கூப்பிட்ட ஒரே மனிதர். ஓடுபாதையில் வேகம் கூடும்போது முதுகு எப்படி இருக்கையோடு ஒட்டும், மேகத்துக்குள் நுழையும்போது கண்ணாடியில் என்ன தெரியும் என்றெல்லாம், தாம் ஒருமுறைகூடப் போகாத இடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். பைலட்டுகள் அவரிடம் வந்து சொன்னவை அவை. கிளம்பிய கதைகள் நூறு சொல்லியிருப்பார். திரும்பி வராத கதை ஒன்றுகூடச் சொன்னதில்லை. அதுவும் ஒரு ஏமாற்று என்பது இப்போது புரிகிறது.

நான் பட்டம் முடித்துவிட்டு விமானப் படை எழுத்துத் தேர்வு எழுதினேன். இரண்டு முறை போயிற்று, மூன்றாவது முறை தேறினேன். நேர்முகத்துக்கு வடக்கே ஓர் ஊருக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வயது வரம்பு முடிய எனக்கு மூன்று மாதம்தான் பாக்கி. இனி ஒரு தேர்வு எழுத முடியாது, இதுதான் முதலும் கடைசியும். கடிதம் வந்த அன்று அப்புச்சி தேவராஜ மார்க்கெட் பக்கம் போய் இரண்டு கிலோ மைசூர் பாக் வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்தார். "என்ற பேத்தி ஓட்டப் போறா" என்று காய்கறி வண்டிக்காரரிடம்கூடச் சொன்னார். கிளம்புவதற்கு முந்தின நாள் மாலை என் ஷூவுக்கு அவரே பாலீஷ் போட்டார். எச்சிலைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினார். என் பெட்டியின் கைப்பிடி ஆடியது. பலகையிலிருந்து பதினேழாம் நம்பர் திருப்புளியை, சிவப்புப் பிடி போட்ட சின்னதை, நான்தான் எடுத்து முடுக்கினேன். முடுக்கிவிட்டு ஆணியில் மாட்டினேன். மாட்டினேன் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் காலை ஏழரைக்கு ரயில். அதில் போனால்தான் பெங்களூரில் வடக்கே போகும் ரயிலைப் பிடிக்க முடியும். அப்பா காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். ஆறு மணிக்கு நான் தலை பின்னிக்கொண்டிருந்தபோது அப்புச்சி கூப்பிட்டார்.

"டூல் ஒண்ணு குறையுது."

போய்ப் பார்த்தேன். பதினேழின் இடத்தில் மஞ்சள் உருவம் மட்டும் இருந்தது. கடைசியாக எடுத்தது நான்.

தேடினோம். நான் தேடியதைப் போல அந்த வீட்டில் யாரும் எதையும் தேடியிருக்க மாட்டார்கள். கட்டிலுக்கு அடியில், அரிசி டப்பாவில், வாசல் சாக்கடையில். மடித்து வைத்த உடைகளை எல்லாம் வெளியே எடுத்துப் பெட்டியைக் கவிழ்த்தேன். முடுக்கிய கைப்பிடியையே கழற்றிப் பார்த்தேன். அப்புச்சியும் தேடினார். முட்டி போட்டுக்கொண்டு டார்ச் அடித்து பீரோவுக்கு அடியில் பார்த்தார். எழுபத்திரண்டு வயது மனிதர். அந்த முட்டி போட்ட காட்சியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏழு மணிக்கு அம்மா பொறுக்க முடியாமல், "விடுங்கப்பா, ஒரு திருப்புளிதானே. புள்ள போகட்டும். நான் தேடி வெக்கறேன்" என்றாள்.

"நான் என்ன கையப் புடிச்சா வெச்சிருக்கறேன்? தாராளமாப் போகட்டும்" என்றார் அப்புச்சி. அலமாரியிலிருந்து நோட்டை எடுத்தார். மூடியபடியே என்னிடம் நீட்டினார். "எல்லாம் சரியா இருக்குதுன்னு கையெழுத்தப் போட்டுட்டுப் போ கண்ணு."

நீங்கள் கேட்கலாம். இருபத்து மூன்று வயதுப் பெண், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே என்று. என் கணவர்கூட அப்படித்தான் கேட்டார். ஏழு வயதிலிருந்து பதினாறு வருடம் ஒரு கட்டத்தில் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவளுக்குத்தான் அது தெரியும். நாளைக்கு ஒரு விமானத்தை என்னிடம் தரப் போகிறார்கள். எனக்காக யாரோ ஒருவர் எண்ணிக் கையெழுத்துப் போடப் போகிறார். அதை நம்பித்தான் நான் ஏறப் போகிறேன். அந்தக் காரியத்துக்கு ஒரு பொய்க் கையெழுத்தோடு கிளம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆட்டோவுக்குப் பின்னால் செருப்பில்லாமல் ஓடி வந்தவர் கண் முன்னால் நின்றார். "வேண்டாங்க அப்புச்சி, தேடலாமுங்க" என்றேன். அவர் நோட்டைத் திரும்ப அலமாரியில் வைத்தார்.

ஏழரை ஆயிற்று. பஸ்ஸில் போனாலும் பிடிக்கலாம் என்று அம்மா ஒன்பது மணிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். மதியம் அப்பா வந்தபோது நான் கூடத்தில் துணிக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. அப்புச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையில் கை வைத்தார்.

"விடு கண்ணு. டூல் தொலையறது யாருக்கும் நடக்கறதுதான். எனக்கும் நடந்திருக்குது."

என்னை மன்னித்தார். பதினான்கு வருடம் மன்னித்துக்கொண்டே இருந்தார். வேறு தேதி கேட்டுக் கடிதம் எழுதிப் பார்த்தேன், அந்தத் தொகுதிக்கு அதுதான் கடைசித் தேதி என்றார்கள். அதற்குப் பிறகு நான் நோட்டுப் பக்கமே போகவில்லை. என்னைப் போன்ற கவனமில்லாத ஒருத்தி இரண்டாவது கையெழுத்துப் போடத் தகுதியில்லை என்று நானே முடிவு செய்துகொண்டேன். அவரும் கட்டாயப்படுத்தவில்லை. பலகையில் பதினேழின் இடம் காலியாகவே இருந்தது. ஒருமுறை மண்டி மொஹல்லா இரும்புக் கடை ஒன்றில் அதே அளவில், அதே சிவப்புப் பிடியில் ஒரு திருப்புளியைப் பார்த்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது வேற டூலு. எண்ணிக்கைல வராது" என்று திருப்பித் தந்துவிட்டார். ஒவ்வொரு முறை அந்த வீட்டுக்குப் போகும்போதும் வாசலில் நுழைந்ததும் அந்த மஞ்சள் உருவம்தான் என் கண்ணில் படும். நான் செய்த தப்பைச் சுவரில் வரைந்து மாட்டிய மாதிரி இருக்கும்.

இப்போது நஞ்சன்கூட்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். என் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டி மருந்து வெளியே போகாது. மேலே இருப்பவர்கள் அவசரப்படுத்துவார்கள். "மேடம், சும்மா ஒரு சைன் போடுங்க, எல்லாம் பாத்தாச்சு" என்பார்கள் கீழே இருப்பவர்கள். நான் கண்ணால் பார்க்காமல் போட மாட்டேன். அதற்காக எனக்கு அங்கே ஒரு பட்டப்பெயர்கூட உண்டு. பிள்ளைகளிடம், கணவரிடம், புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அப்புச்சியைப் பற்றிச் சொல்லாத நாள் இல்லை. இப்படி ஒரு மனிதரிடம் வளர்ந்தேன் என்று அவ்வளவு பெருமை எனக்கு.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் மத்தியானம் நான் மட்டும் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் கொண்டுவந்த காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "அன்சர்வீசபிள்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டுல உன்ற கையெழுத்து ஒண்ணு பாக்கி இருக்குது கண்ணு."

"நான்தான் போடறத எப்பவோ விட்டுட்டனுங்களே அப்புச்சி."

"அத விடு. அன்னைக்கு ஒரு நாளுக்கு மட்டும். எண்ணிப் பாத்துட்டுப் போட்டுரு. போடறயா?"

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை. வயதானவர் ஏதோ பேசுகிறார் என்று நினைத்தேன். "போடறனுங்க" என்றேன். அவர் கையை விட்டார். மறுநாள் காலை போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் அவருடைய சாமான்களைப் போட்டுக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், பல் செட், தகரக் கண்ணாடிக் கூடு. அந்தக் கூட்டை அவர் சட்டைப் பையை விட்டு எடுத்ததே இல்லை, யாரையும் தொடவும் விட்டதில்லை. திறந்தேன். கண்ணாடிக்கு அடியில் சிவப்புப் பிடி போட்ட சின்னத் திருப்புளி இருந்தது. பிடியைத் திருப்பிப் பார்த்தேன். பதினேழு.

மனுஷ மனம் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவருக்காக நான் வாதாடிக்கொண்டு போனேன். பிறகு எப்போதோ கிடைத்திருக்கும். என்னிடம் சொன்னால் இன்னும் வருத்தப்படுவேன் என்று ஒளித்து வைத்திருப்பார். ஆமாம், அப்படித்தான் இருக்கும். காரியங்கள் எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு, அவர் அறைக்குள் போய் அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை எடுத்தேன். அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். தேட வேண்டியிருக்கவில்லை.

நேரம் ஐந்து நாற்பது. எண்ணிக்கை இருபத்தொன்பது. அவருடைய கையெழுத்து, எப்போதும் போல நிமிர்ந்து நின்றது. பக்கத்துக் கட்டம் காலி.

ஐந்து நாற்பதுக்கு அது ஆணியில் இருந்திருக்கிறது. நான் மாட்டித்தான் இருக்கிறேன். எண்ணி, எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு எடுத்துக் கண்ணாடிக் கூட்டில் போட்டிருக்கிறார். ஆறு மணிக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன், அதற்கடுத்ததைப் புரட்டினேன். இருபத்தொன்பது. இருபத்தொன்பது. பதினான்கு வருடமும் இருபத்தொன்பதுதான். தினம் காலையில் சட்டைப் பையில் இருந்ததையும் சேர்த்து எண்ணி எழுதியிருக்கிறார். பேத்தியிடம் பொய் சொல்ல முடிந்த மனிதருக்கு நோட்டிடம் பொய் சொல்ல முடியவில்லை.

அன்று காலை அந்த நோட்டை மூடியபடி என்னிடம் நீட்டினார் அல்லவா? நான் வாங்கித் திறந்திருந்தால் பார்த்திருப்பேன். பொய்க் கையெழுத்துப் போடத் துணிந்தவளாக இருந்திருந்தால் உண்மை தெரிந்து ஏழரை ரயிலில் போயிருப்பேன். நான் போட மாட்டேன் என்பது அவருக்குத் தெரியும். அவர்தானே என்னை அப்படி வளர்த்தார். என் நேர்மையை எடுத்தே என்னைக் கட்டிப் போட்டார்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். திருப்புளியைக் காட்டினேன். பக்கத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வடக்க இருந்தப்போ ஒரு பைலட் பையன் போயிட்டான் பாப்பா. இவருதான் பெல்ட் கட்டி விட்டாரு. தோள்ல தட்டி அனுப்புனாரு. அவன் வரவே இல்ல. காட்டுக்குள்ள போய் மிச்சத்தப் பொறுக்கிட்டு வந்தவங்கள்ல இவரும் ஒருத்தரு. எங்கம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும். உன்ன மாதிரிதான் அவனுக்கும் வயசு."

"அத எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா?"

"கேட்டிருக்க மாட்டேன். போயிருப்பேன். அது என்னோட முடிவு."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, அதிர்ச்சிகூட இல்லை. நிம்மதி இருந்தது. "எப்படியோ, நீ இருக்கே" என்றாள். அவளிடம் பேசிப் பயனில்லை என்று அந்த நிமிஷம் தெரிந்துபோயிற்று.

பயந்தார் என்பது எனக்குப் புரிகிறது. போகாதே என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். காலில் விழுந்து கேட்டிருந்தால் அழுதுகொண்டே போயிருப்பேன். வேறு எதை வேண்டுமானாலும் செய்திருக்கலாம். டிக்கெட்டைக் கிழித்திருக்கலாம். கதவைப் பூட்டியிருக்கலாம். அதையெல்லாம் மன்னித்துவிடலாம். நடுத்தெருவில் ஆட்டோக்காரரிடம் "என்ற தப்பு" என்று கைகூப்பியவர், எனக்கு என்ன செய்தார்? தாம் செய்ததை என் தலையில் வைத்து, நான்தான் தொலைத்தேன் என்று பதினான்கு வருடம் நம்ப விட்டார். அதற்கு மன்னிப்பும் வழங்கினார். ஆஸ்பத்திரிப் படுக்கையில்கூட வாயைத் திறந்து சொல்லவில்லை. நான் எண்ணி, நான் கண்டுபிடித்து, சரி என்று நானே கையெழுத்தும் போட வேண்டுமாம்.

திருப்புளியைப் பதினேழாம் ஆணியில் மாட்டினேன். மஞ்சள் உருவம் மறைந்தது. பலகையை இடமிருந்து வலமாக எண்ணினேன், பிறகு வலமிருந்து இடமாக. அவர் சொல்லிக்கொடுத்த மாதிரியே. இருபத்தொன்பது. நோட்டில் இருப்பதும் இருபத்தொன்பது. சட்டப்படி நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவைத் திறந்தேன். அந்தக் காலிக் கட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு மூடிவிட்டேன்.

"போட்டுரு பாப்பா. கேட்டுட்டுப் போயிருக்காரு. பெரியவரு, நிம்மதியாப் போகட்டும்" என்றாள் அம்மா.

"கையெழுத்து விழாம எதுவும் கெளம்பக் கூடாதும்மா. அவரோட ரூலுதான்" என்றேன்.

நோட்டை என் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கட்டம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.